அடக்கி வாசித்தல்

கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபம். தகரக் கூரை, மூன்று பக்கமும் வழவழப்பான சுவர். வரவேற்புக் கச்சேரிக்கு எங்கள் மெல்லிசைக் குழு போயிருந்தது. அன்று காலையில்தான் என் பேஸ் கிட்டாருக்குப் புதுத் தந்தி மாட்டியிருந்தேன். முதல் பாட்டிலேயே மண்டபம் முழுக்க என் ஒலிதான். ஒவ்வொரு நோட்டும் அடுத்த நோட்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. பாடகிக்குச் சுருதி கேட்கவில்லை, டிரம்ஸ்காரர் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தார். ஆம்ப்பில் பேஸ் குமிழைக் குறைத்துப் பார்த்தேன். சத்தம் மெலிந்ததே தவிர குழப்பம் தீரவில்லை. மூன்றாவது பாட்டு முடிந்ததும் கீபோர்டு வாசித்த அண்ணன் என் காதருகே வந்தார்.

"தம்பி, நீ ஆரம்பிக்கிறது நல்லாக் கேக்குது. முடிக்கிறது எங்கேன்னுதான் தெரியல."

சமையல்கட்டிலிருந்து பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கிவரச் சொன்னார். அதைக் கத்தியால் நீளவாக்கில் கீறி, பிரிட்ஜை ஒட்டி நான்கு தந்திகளுக்கும் அடியில் செருகினார். அடுத்த பாட்டில் கிக் டிரம் விழுந்த இடமும் என் நோட்டு விழுந்த இடமும் ஒன்றாக இருந்தன. அதற்குப் பின் வந்த இடைவெளியில் பாடகியின் குரல் தெளிவாக நின்றது. ஆம்ப்பை நான் தொடவே இல்லை.

பேஸ் வாசிப்பவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு: ஒலி கையில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா? ஒரு கட்சி மரம், பிக்கப், ஆம்ப் என்று பட்டியல் போடும். மறு கட்சி, தேர்ந்த கை எந்தக் கிட்டாரை எடுத்தாலும் அதே ஒலிதான் வரும் என்று சாதிக்கும். அந்தக் கச்சேரிக்குப் பிறகு இரண்டு பக்க வாதத்தையும் பல வருஷம் கேட்டிருக்கிறேன். இரண்டுமே நோட்டு பிறக்கிற கணத்தைத்தான் பார்க்கின்றன என்பது என் கணிப்பு. விரல் தந்தியைத் தொடுவது, பிக்கப் அதை எடுப்பது, ஆம்ப் பெரிதாக்குவது எல்லாம் தொடக்கம். பேஸ் கிட்டாரின் எழுபத்துச் சொச்சம் ஆண்டு வரலாற்றை நோட்டின் முடிவிலிருந்து திருப்பிப் படித்தால் வழக்கு வேறுவிதமாகத் தெரிகிறது. ஒலியை நிறுத்தும் வேலை ஒரு காலத்தில் கருவியிடம் இருந்தது. பிறகு அது கைக்கு மாறியது. நம் சங்கீதத்தில் ஒலி நீளும் அளவுக்குக் கார்வை என்று அருமையான சொல் இருக்கிறது. பேஸ்காரருடைய கணக்கில் பாதி கார்வைக் கணக்குதான்.

எலெக்ட்ரிக் பேஸுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது ஆளுயர டபுள் பேஸ். அதில் குடல்நரம்புத் தந்தியை விரலால் சுண்டினால் 'தும்' என்று எழுந்து சீக்கிரமே அடங்கிவிடும். காரணம் எளிது: தந்தியின் ஆற்றலைப் பெரிய மரப்பெட்டி வாங்கிக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுக்கக் கொடுக்கத் தந்தி ஓய்கிறது. அது ஒலிப்பதும் ஓய்வதும் ஒரே செயல்தான்.

கட்டை உடம்புள்ள எலெக்ட்ரிக் கருவியில் இந்த ஏற்பாடு குலைந்தது. சியாட்டிலில் பால் டுட்மார்க் என்பவர் 1930களிலேயே கிட்டார் போலப் பிடித்து வாசிக்கிற மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார், அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரெசிஷன் பேஸ்தான் உலகத்தைப் பிடித்தது. டபுள் பேஸில் ஏறத்தாழ 42 அங்குலம் இருந்த தந்தி நீளம் இதில் 34 அங்குலம். ஃபிரெட் இருந்ததால் சுருதி துல்லியமாக விழும். பெயரே அதிலிருந்துதான் வந்தது. திடமான கட்டை காற்றுக்கு ஆற்றலை அதிகம் கொடுப்பதில்லை, அதனால் ஆற்றல் தந்தியிலேயே தங்குகிறது. அசைவை மின்சாரமாக எடுத்துக்கொள்வது காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும். கருவி கேட்கும்படி ஆயிற்று, ஆனால் அடங்க மறுத்தது.

ஃபெண்டருக்கு இது தெரிந்திருக்கிறது என்பதற்குக் கருவியே சாட்சி. பிரிட்ஜின் மேல் ஒரு உலோக மூடி போட்டு, அதன் உட்பக்கம் தந்திகளின் மேல் அழுந்தும்படி ஸ்பாஞ்ச் வைத்தே கடைக்கு அனுப்பினார். 1960இல் வந்த ஜாஸ் பேஸின் முதல் வருஷங்களில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக ஸ்பிரிங் வைத்த அடக்கி இருந்தது. ரிக்கன்பேக்கர் பேஸில் திருகினால் எழும்பி வருகிற ஸ்பாஞ்ச் பட்டை. 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயில்கூட ஆரம்பத்தில் பிரிட்ஜிலேயே அடக்கி இருந்தது. செய்தவர்கள் எல்லோரும் ஒலியை நிறுத்த ஏற்பாடு பண்ணித்தான் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் மூடியைக் கழற்றி வீசினார்கள், விரல் வைக்க இடம் வேண்டுமென்று. மூடியோடு ஸ்பாஞ்சும் போயிற்று. கும்பகோணத்து அண்ணன் செருகியது புதுச் சாமான் இல்லை. கழற்றி எறிந்ததைத் திரும்ப வைத்தார்.

மூடியைக் கழற்றாமல் வாசித்தவர்களில் தலையாயவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936இல் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் பிறந்து, டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்து, மோட்டவுன் கம்பெனியின் ஸ்டூடியோவில் 1959 முதல் வாசித்தவர். டபுள் பேஸிலிருந்து வந்த மனிதர். 1962ஆம் வருஷத்து பிரெசிஷன் பேஸ் ஒன்று. அதில் வழவழப்பான மேல்சுற்றுக் கொண்ட ஃபிளாட்வவுண்ட் தந்தி, கனத்த ரகம். அறுந்தாலொழிய மாற்றமாட்டார். அழுக்கும் வியர்வையும் ஏறி மினுமினுப்பெல்லாம் செத்துப்போன தந்தி. கழுத்திலிருந்து தந்தி நின்ற உயரமோ மற்றவர்கள் அழுத்தத் திணறும் உயரம். வலது கையில் சுட்டுவிரல் ஒன்றே ஒன்றுதான். டபுள் பேஸில் பழகிய அதே விரல். ஒலி ஆம்ப்பைத் தொடாமல் நேராகப் பதிவு மேசைக்குப் போகும்.

இந்தச் சாமான்களை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டால் ஜேமர்சன் ஒலி வருமா என்று கேட்பார்கள். முயன்று பார்த்திருக்கிறேன். அந்தச் சாயல் வருகிறது, பாய்ச்சல் வருவதில்லை. ஆனால் வேறொன்று புரிந்தது. செத்த தந்தியும் ஸ்பாஞ்சும் இருக்கும்போது நோட்டு தானாகவே அடங்கிவிடுகிறது. நிறுத்துகிற கவலை கைக்கு இல்லை. கவலை இல்லாத கை ஓடுகிறது. ஜேமர்சன் பதினாறாம் பங்கு நோட்டுகளாக அடுக்கிக்கொண்டு போனாலும் ஒன்றோடு ஒன்று ஒட்டாததற்குப் பாதிக் காரணம் கருவி அவருக்குக் கொடுத்த அந்த விடுதலை. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டை எடுத்துக் கேளுங்கள். அத்தனை நோட்டு, அத்தனை வளைவு. பாடகரின் வழியில் ஒன்றாவது குறுக்கே நிற்கிறதா? 1971இல் வந்த அந்தத் தட்டின் உறையில்தான் முதன்முதலாக அவர் பெயர் அச்சானது. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் உலகமே ஆடிய பாட்டுகளில் பெயர் இல்லாமல் வாசித்தார். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸில் கரோல் கே. கிட்டார்காரர், 1963இல் ஒரு பதிவுக்கு பேஸ்காரர் வராமல் போக, பேஸை எடுத்தவர் அதிலேயே நிலைத்தார். அவர் வாசித்தது பிக் கொண்டு. பிக் என்றால் கணீரென்ற கூர்மை, அந்தக் கூர்மை நீண்டால் தகர ஓசை. அதனால் தந்திகளின் மேல் கம்பளித் துண்டு வைத்து அடக்கினார். தொடக்கம் கூர்மை, முடிவு சட்டென்று. பீச் பாய்ஸ் பதிவுகளில் சில சமயம் ஒரே பாட்டில் டபுள் பேஸும் எலெக்ட்ரிக் பேஸும் சேர்ந்தே வாசித்தன: ஒன்று ஆழத்துக்கு, ஒன்று கூர்மைக்கு. பால் மெக்கார்ட்னி ஹாம்பர்க்கில் 1961இல் வாங்கிய ஹாஃப்னர் வயலின் பேஸோ உள்ளே பொள்ளல், தந்தி நீளம் 30 அங்குலம். டபுள் பேஸைப் போல அதுவும் சீக்கிரம் ஓய்கிற சாதி.

திருப்பம் 1966. ரோட்டோசவுண்ட் கம்பெனியும் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து ரவுண்ட்வவுண்ட் தந்தியைச் சீர்படுத்தினார்கள். உருண்டைக் கம்பி சுற்றிய அந்தத் தந்தி பியானோவைப் போல முழங்கியது, நேரம் கழித்தும் முழங்கிக்கொண்டே இருந்தது. 1969இல் ஆம்பெக் எஸ்விடி வந்தது: 300 வாட் வால்வ் ஆம்ப், பத்தங்குல ஸ்பீக்கர் எட்டு அடுக்கிய பெட்டி. மைதானம் நிறைய பேஸ் கேட்கும் காலம் பிறந்தது. நீளும் ஒலி குறையாக இருந்தது போய் ஆசையாக மாறிற்று. அடக்கிகள் ஒவ்வொன்றாகக் கருவியை விட்டுப் போயின. நிறுத்தும் வேலை முழுவதும் விரலுக்கு வந்து சேர்ந்தது இங்கேதான். இன்று வகுப்புகளில் சொல்லித்தரும் கைப்பழக்கத்தில் பெரும்பகுதி இந்த இடமாற்றத்தின் விளைவு.

அது எவ்வளவு பெரிய வேலை என்பதைச் சோதித்துப் பார்க்கலாம். புதுத் தந்தி மாட்டிய பேஸில் டி தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அது ஈ, 82.4 ஹெர்ட்ஸ். இரண்டு வினாடி விட்டு இடது விரலை மெல்லத் தளர்த்தி அந்தத் தந்தியை நிறுத்துங்கள். ஒலி நிற்காது. நீங்கள் தொடவே தொடாத தடித்த ஈ தந்தி அடியில் முனகிக்கொண்டிருக்கும். அதன் சொந்தச் சுருதி 41.2 ஹெர்ட்ஸ், இரண்டு மடங்கு 82.4. தன் இனத்துக் குரல் கேட்டதும் அது எழுந்துவிட்டது. சிதாரில் இப்படி ஒத்ததிர்வது அழகு, அதற்காகவே தனித் தந்தி கட்டுகிறார்கள். பேஸில் அதுவே சேறு. மீட்டாத தந்திகளையும் அடக்கினால்தான் மீட்டிய தந்தி தெளிவாகக் கேட்கும்.

அதற்கு வலது கட்டைவிரல் நகர வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் கட்டைவிரலை பிக்கப்பின் மேல் ஊன்றி வைத்துவிடுவார்கள். நானும் ஆறு வருஷம் அப்படித்தான் வாசித்தேன். ஈ தந்தியை மட்டும் மீட்டும்போது அது சரி. ஏ தந்திக்குப் போனால் கட்டைவிரல் இறங்கி ஈ மேல் படுக்க வேண்டும். டி தந்திக்குப் போனால் ஈயும் ஏயும் கட்டைவிரலின் பக்கவாட்டுக்கு அடியில் வரவேண்டும். ஜீக்குப் போனால் மேலே உள்ள மூன்றையும் கட்டைவிரலும் மோதிரவிரலும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கீழே மிச்சமுள்ள தந்திகளை இடது கைச் சுட்டுவிரல் அழுத்தாமல் படுத்துக் காக்கும். இவ்வளவும் நடப்பது பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. மீட்டுகிற இரண்டு விரலைத்தான் எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள்.

இடது கைக்கு வேறொரு சங்கடம். 34 அங்குலக் கழுத்தில் முதல் ஃபிரெட்டின் அகலம் கிட்டத்தட்ட 4.8 சென்டிமீட்டர். முதல் ஃபிரெட்டிலிருந்து நான்காவது வரை நாலு விரலையும் விரித்து வைத்தால் 13 சென்டிமீட்டர் எட்டவேண்டும். கிட்டார் வாத்தியார்கள் ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று கற்பிக்கிறார்கள். டபுள் பேஸ் வழி வந்தவர்கள் ஃப்ரான்ஸ் சிமாண்டில் வகுத்த முறைப்படி ஒன்று, இரண்டு, நான்கு என்ற விரல்களையே எண்ணி, மோதிரவிரலைச் சுண்டுவிரலுக்குத் துணையாக நிறுத்துவார்கள். கீழ்ப் பகுதியில் நான் சிமாண்டில் கட்சி. வலி குறையும் என்பது தெரிந்த காரணம். இன்னொன்று, விறைத்து விரிந்த கை தந்தியை அழுத்தும், விடும். பாதியாகத் தளர்த்தத் தெரியாது. தளர்ந்த கைக்குத்தான் தந்தியை விடாமலே ஒலியை மட்டும் விட முடியும். 'டவர் ஆஃப் பவர்' குழுவில் வாசித்த ராக்கோ பிரெஸ்டியா 1973இல் வந்த 'வாட் இஸ் ஹிப்' பாட்டில் இந்த வித்தையின் உச்சத்தைக் காட்டினார். பதினாறாம் பங்கு நோட்டுகள் மழைபோல் விழும், ஒவ்வொன்றும் தனி மணியாக. மீட்டுவது வலது கை, மணியாக உருட்டுவது இடது கை.

ஸ்லாப் முறையை இந்தக் கோணத்தில் பார்த்தால் அதன் ரகசியம் விளங்கிவிடும். லாரி கிரேம் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் தன் தாயாருடன் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தபோது டிரம்ஸ்காரர் இல்லாமல் போயிற்று. கிக் டிரம்முக்குப் பதில் கட்டைவிரலால் தந்தியை அடித்தார், ஸ்னேருக்குப் பதில் விரலால் சுண்டி இழுத்தார். டிரம் ஒலிக்கு வால் கிடையாது. அதன் இடத்தில் நிற்கும் பேஸுக்கும் வால் இருக்கக்கூடாது. கட்டைவிரல் அடித்த வேகத்தில் எகிற, நோட்டு அங்கேயே துண்டாக வேண்டும். பின்னால் மார்கஸ் மில்லர் போன்றவர்கள் அதைப் பளபளவென்று ஆக்கினார்கள். கருவிக்குள்ளேயே பேட்டரி போட்டு பிரீஆம்ப் வைத்த ஸ்டிங்ரே அந்தக் காலத்துக்கு ஏற்ற சாமானாக இருந்தது. இன்று வேகத்துக்காக ஸ்லாப் பழகுகிறவர்களிடம் அடி நிறைய இருக்கிறது, இடைவெளி இல்லை.

எதிர்ப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நீளும் ஒலியைக் குறையாகப் பார்க்காமல் குரலாகவே ஆக்கியவர் ஜாக்கோ பாஸ்டோரியஸ். பிரெசிஷன் பேஸ் வந்த அதே 1951இல் பிறந்தவர். 1962ஆம் வருஷத்து ஜாஸ் பேஸ் ஒன்றின் ஃபிரெட்டுகளைப் பிடுங்கிவிட்டார். ரவுண்ட்வவுண்ட் தந்தி மரத்தை அரம்போல் அராவும் என்பதால் படகுக்குப் பூசும் எப்பாக்ஸியை விரற்பலகை மேல் ஊற்றிக் கண்ணாடிபோல் ஆக்கினார். பிரிட்ஜை ஒட்டி மீட்டினார். அங்கே மீட்டினால் அடிச்சுரத்தைவிட மேல் சுரங்கள் ஓங்கும், ஒலி மூக்கால் பாடுவதுபோல் ஆகும். 1976இல் வந்த அவருடைய முதல் தட்டில் 'போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி' முழுக்கக் கார்வை. விட்ட நோட்டுகள் மிதக்கின்றன. அதே மனிதர் அடுத்த வருஷம் 'வெதர் ரிப்போர்ட்' குழுவின் 'டீன் டவுன்' பாட்டில் ஓடும் ஓட்டத்தில் ஒவ்வொரு நோட்டும் நறுக்கு. நீட்டத் தெரிந்தவர் என்று அவரைப் புகழ்வது பாதிதான். எப்போது நீட்டக்கூடாது என்றும் அவருக்குத் தெரியும்.

பினோ பல்லடினோ எதிர்த் திசையில் நடந்தார். 1983இல் பால் யங் பாட்டில் ஃபிரெட் இல்லாத ஸ்டிங்ரேயைப் பாடகர்போல் இழைய விட்டவர், 2000இல் டி ஆஞ்சலோவின் 'வூடூ' தட்டுக்குப் பழைய பிரெசிஷனும் ஃபிளாட்வவுண்டும் எடுத்து ஜேமர்சன் வீட்டுக்கே திரும்பினார். கை ஒன்றுதான். தந்தி மாறியதும் அந்தக் கை வேறு மாதிரி யோசித்தது. கையா கருவியா என்ற வழக்கில் என் தீர்ப்பை இந்த மனிதரை வைத்தே எழுதுவேன்: கருவி ஒலியை மாற்றுவதைவிடக் கையை அதிகம் மாற்றுகிறது.

மற்ற சாமான்களைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம். கட்டை எந்த மரம் என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. தந்தியின் ரகமும் வயதும் அதைவிடப் பன்மடங்கு பேசும். டோன் குமிழ் நல்ல நண்பன், பலர் அதைத் திருகுவதே இல்லை. கம்ப்ரெஸரிடம் எச்சரிக்கை வேண்டும்: ஓங்கிய தொடக்கத்தை அமுக்கி, ஓய்கிற வாலைத் தூக்கிக் காட்டும் கருவி அது. கை சரியாக நிறுத்தவில்லை என்றால் ஊருக்கே சொல்லிவிடும். எஸ்விடி தலையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது போய், இன்று கிளாஸ் டி ஆம்ப் பைக்குள் அடங்குகிறது. முதுகு பிழைத்தது.

ஒரு விஷயத்தில் செத்த தந்திக்கும் ஸ்பாஞ்சுக்கும் தோல்விதான். கைபேசி ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸைத் தொடக்கூடத் தொடாது. ஆனாலும் அதில் பேஸ் நமக்குக் கேட்கிறது. 82, 124, 165 என்று மேல் சுரங்கள் வந்தால் போதும், காது அடிச்சுரத்தைத் தானே கட்டிக்கொள்ளும். மேல் சுரங்களே இல்லாத அடங்கிய ஒலி அந்தச் சின்ன ஸ்பீக்கரில் காணாமல் போகிறது. பாட்டுக் கேட்பவர்களில் எத்தனையோ பேர் கைபேசியில் கேட்கும்போது, இன்றைய பதிவாளர்கள் ரவுண்ட்வவுண்ட் கேட்பதிலும், கொஞ்சம் கரகரப்புச் சேர்ப்பதிலும் நியாயம் இருக்கிறது. அடக்குவது என்றால் மழுக்குவது என்று நினைத்த பழைய ஆட்கள் இங்கே தடுமாறுகிறார்கள். மினுமினுப்பை வைத்துக்கொண்டே நீளத்தைக் குறைக்கலாம், அதைச் செய்ய ஸ்பாஞ்சால் முடியாது, விரல்தான் செய்யும்.

தமிழ் சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு இவை எதுவும் அந்நியம் இல்லை. எழுபதுகளின் கடைசியிலிருந்து இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் அடிச்சுரத்தைத் தட்டிக்கொண்டு நிற்பதில்லை. பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டாக நடக்கும். 'இளைய நிலா'வில் கிட்டாரை ரசிக்கிறவர்கள் ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அவரிடம் நெடுங்காலம் வாசித்த சசிதரனின் நோட்டுகள் பெரும்பாலும் குட்டையானவை, உருண்டையானவை. ராக அடிப்படையில் அமைந்த பாட்டுக்கு அது தேவையும்கூட. பாடுகிறவர் காந்தாரத்தை அசைக்கும்போது அடியில் ஃபிரெட்டில் பூட்டிய ஒரு நோட்டு நீண்டு நின்றால் கமகம் உரசும். நோட்டு விழுந்து விலகிவிட்டால் அசைவுக்கு இடம் கிடைக்கும். ஏ.ஆர். ரஹ்மானிடம் வாசித்த கீத் பீட்டர்ஸின் பேஸில் நீண்ட இழைவுகள் வேறு சுவை. அந்தப் பாட்டுகளின் விரிந்த பின்னணிக்கு அவை பொருந்தின.

இப்போது என்னிடம் இரண்டு பேஸ் இருக்கின்றன. ஒன்றில் ஒன்பது வருஷத்து ஃபிளாட்வவுண்ட், பிரிட்ஜை ஒட்டி ஸ்பாஞ்ச். மற்றதில் ரவுண்ட்வவுண்ட், எந்த அடக்கியும் இல்லை. காலையில் பழகுவது இரண்டாவதில்தான். மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60இல் வைப்பேன். ஒன்றாம் தட்டில் ஏ தந்தியை மீட்டி, இரண்டாம் தட்டு விழும் அதே கணத்தில் நிறுத்த வேண்டும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சரியாக நின்றால் அந்த இரண்டாம் தட்டு சுத்தமாகத் தனியாகக் கேட்கும். பத்து நிமிஷத்தில் ஏழெட்டு முறை அப்படிக் கேட்டால் அன்றைக்கு நல்ல நாள்.